ஒரு வரியைத் திருத்த மாங்கேணிக்கு

கொழும்புப் புத்தகக் கண்காட்சியில் எங்கள் பதிப்பகம் போட்ட கடையை நான்காம் நாள் பிரித்துக் கட்டியதும், உடன் வந்தவர்கள் கண்டிக்குப் புறப்பட்டார்கள். நான் மட்டும் கிழக்கே போகும் ரயிலில் ஏறினேன். வாழைச்சேனையில் யாரைத் தெரியும் என்று கேட்டார்கள். யாரையும் தெரியாது. அந்தப் பக்கத்திலிருந்து என் வேலையைப் பற்றி ஒரு குறை வந்திருக்கிறது, நேரில் பார்க்கப் போகிறேன் என்றேன். சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திருச்சியில் பாடநூல் அச்சிடும் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துபவள் நான். பெயர் கலாவதி. மாலை நேரங்களில் இன்னொரு வேலையும் செய்கிறேன். அதற்குச் சம்பளம் கிடையாது. கணினியை இயக்கும் இயங்குதளங்களில் இரண்டு வகை உண்டு. ஒரு நிறுவனம் செய்து விற்பது ஒன்று. அதன் உள்ளே இருப்பதை வாங்கியவர் பார்க்கவும் முடியாது, தொடவும் முடியாது. மற்றது, உலகெங்கும் பலர் கூடி எழுதி, உள்ளே உள்ள அத்தனையையும் திறந்து வைத்திருப்பது. யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், திருத்தலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம். இந்த இரண்டாம் வகையைத் தமிழில் பேச வைக்கும் சிறு குழு ஒன்றில் பதினைந்து ஆண்டுகளாக இருக்கிறேன். திரையில் வரும் ‘திற’, ‘மூடு’, ‘சேமி’ எல்லாம் எங்களைப் போன்றவர்கள் வீட்டு மேசையில் உட்கார்ந்து எழுதியவை.

குறைகளைத் தெரிவிக்க ஓர் இணையப் பக்கம் உண்டு. பெரும்பாலும் எழுத்துப் பிழைகளைத்தான் சொல்வார்கள். இரண்டு மாதங்களுக்கு முன் அதில் இப்படி ஒரு குறிப்பு வந்தது: ‘வணக்கம். அழி என்ற சொல்லை மாற்றித் தருவீர்களா? எங்களால் அந்தப் பொத்தானை அழுத்த முடியவில்லை. மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது. யோகேஸ்வரி, மாங்கேணி.’

பொத்தான் பழுதாகியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். பதில் எழுதிக் கேட்டேன். பழுதில்லை, இதில் இருப்பவை காணாமல்போன எங்கள் பிள்ளைகளின் படங்கள் என்று மறுமொழி வந்தது.

‘அழி’ நான் போட்ட சொல்.

*

ரயில் காலையில் புறப்பட்டது. வெளியே வயலும் குளமும் மாறி மாறி வந்தன. எங்கள் லால்குடிப் பக்கம் போலவே இருந்தது, ஆனால் மனித நடமாட்டம் குறைவு. காடு தொடங்கிய இடத்தில் ரயில் நின்றது. அரை மணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று. எதிர் இருக்கையில் இரண்டு சிங்களப் பெண்கள் வாழையிலைப் பொதியைப் பிரித்துச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பேசியதைப் பக்கத்திலிருந்த ஏறாவூர் வியாபாரி எனக்குத் தமிழில் சொன்னார். “முன்னுக்கு தண்டவாளத்தில யானை நிக்குதாம். போன கிழமை ஒரு குட்டி அடிபட்டதாம். அதான் இப்ப கூட்டம் அந்த இடத்த விட்டுப் போகுதில்லையாம்.”

இரண்டு பெண்களில் மூத்தவர் கையைக் கழுவிக்கொண்டே இன்னும் ஏதோ சொன்னார். வியாபாரி சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்: “தாய் யானை வந்து பாத்திட்டுப் போறதாம். போகட்டும், நாம இரிப்பம் எண்டு சொல்றாங்க.”

யாரும் எரிச்சல்படவில்லை. எங்கள் ஊர் ரயிலாக இருந்தால் இதற்குள் நாலு பேர் இறங்கிப்போய் ஓட்டுநரிடம் கத்தியிருப்பார்கள்.

வாழைச்சேனையில் இறங்கும்போது பிற்பகல் மூன்று மணி. றெனி வந்திருந்தார். மாங்கேணிக் கணினியைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். வாழைச்சேனையில் சின்னதாக ஒரு கணினி திருத்தும் கடை வைத்திருக்கிறார். நாற்பத்தைந்து வயதிருக்கும். மட்டக்களப்புப் பறங்கியர் குடும்பம். “அக்கா, குறை நினைக்காதீங்க. சித்தாண்டியில ஒரு பிரின்டர் பிரச்சினை. அத முடிச்சிட்டுத்தான் வீட்ட போகலாம்” என்றார். என் பையை ஆட்டோவில் வைத்தார்.

சித்தாண்டியில் விவசாயிகள் சங்கம் ஒன்றின் அலுவலகம். முருகன் கோயில் மணி கேட்கும் தூரம். செயலாளர் வட்டையிலிருந்து, அதாவது வயல்வெளியிலிருந்து, நேராக வந்திருந்தார், முழங்கால்வரை சேறு. றெனியைக் கண்டதும் ஆரம்பித்துவிட்டார்.

“தம்பி, உங்கட இந்த இலவசச் சாமான் எங்களுக்கு ஒத்துவராது. மூணு நாளா பிரின்டர் அசையுதில்ல. மகன்ட கொம்பியூட்டர்ல விக்கிற சாமான்தான் இரிக்கி. வயரக் கொழுவின உடனே அடிக்கிது.”

றெனி மறுக்கவில்லை. அந்த அச்சுப்பொறியைச் செய்த நிறுவனம், விற்கும் இயங்குதளத்துக்கு மட்டுமே அதை ஓட்டும் நிரலைக் கொடுத்திருக்கிறது. இதற்கு வேறு யாரோ எழுதியதைத் தேடிப் போட வேண்டும். ஒரு மணிநேரம் போராடினார். கறுப்பு மட்டும் அச்சாயிற்று, நிறம் வரவில்லை. “பழையதையே போட்டுத் தரவா ஐயா?” என்று கேட்டார். செயலாளர் யோசித்தார். “போடுங்க” என்றார். றெனி மறுபேச்சில்லாமல் போட்டுக் கொடுத்தார்.

திரும்பும் வழியில், மனதுக்குக் கஷ்டமாக இல்லையா என்று கேட்டேன்.

“என்னத்துக்கு? அவருக்கு பிரின்டர் வேணும். எனக்கு வேற வேணும்.” பிறகு அவரே சொன்னார். அவர்கள் வீட்டில் அம்மா பேசுவது பறங்கிப் பாசை, பழைய போர்த்துக்கேயத்தின் வழியில் வந்தது. மட்டக்களப்பில் அதைப் பேசுகிறவர்கள் மிகச் சிலர். “எந்தக் கொம்பனி அக்கா எங்கட பாசையில கொம்பியூட்டர் செய்வான்? வாங்கிறதுக்கு ஆள் இல்லையே. இதில நானே போடலாம். இருநூறு சொல்லுப் போட்டிட்டன். ஒரே ஒரு ஆள்தான் பாவிக்கிறது. எங்கட அம்மா.”

றெனியின் வீட்டில்தான் தங்கினேன். அவர் மனைவி மார்லின் அரிசிமாப் புட்டும் இறால் குழம்பும் வைத்திருந்தார். புட்டுக்கு மேல் எருமைத் தயிரை விட்டுக் கொஞ்சம் பிசைந்து தின்னச் சொன்னார். புளிக்குழம்பையும் தயிரையும் ஒரே தட்டில் கலப்பது எங்கள் வீட்டில் நடக்காது. இரண்டாம் கவளத்தில் அந்த ஆசாரம் போய்விட்டது.

*

மறுநாள் காலை மாங்கேணிக்குப் புறப்பட்டோம். ஓட்டமாவடிப் பாலத்தைத் தாண்டி வடக்கே திரும்பியதும் வீடுகள் குறைந்தன. ஒரு பக்கம் புதர்க்காடு, மறுபக்கம் மரங்களுக்கிடையில் நீர் தெரிவதும் மறைவதுமாக வந்தது. காயாங்கேணிக்கு முன்னால் ஆட்டோவின் பின்சக்கரம் காற்றுப் போயிற்று. மாற்றுச் சக்கரத்திலும் காற்றில்லை. றெனி சக்கரத்தைக் கழற்றி, வந்த மோட்டார் சைக்கிள் ஒன்றின் பின்னால் ஏறிப் போனார். நான் வாகை மரத்தடியில் நின்றேன். மீன் பெட்டி கட்டிய சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி, “ஆற்ற வீட்ட போறீங்க?” என்று கேட்டார். யோகேஸ்வரி என்றேன். “யோகம் ரீச்சரா?” என்றவர் என் முகத்தைப் பார்த்தார். “என்னவும் தகவல் கொண்டு வந்தீங்களா?”

இல்லை, கணினி விஷயமாக என்று சொன்னேன். “ஆ” என்று தலையாட்டிவிட்டுப் போனார். புதிதாக யார் வந்தாலும் இங்கே முதலில் அந்தக் கேள்விதான் எழும் என்பது அப்போதுதான் உறைத்தது. வெறுங்கையுடன் வந்திருப்பது போல் இருந்தது. றெனி சக்கரத்தை ஒட்டிக்கொண்டு வந்த பிறகு மாங்கேணிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

யோகேஸ்வரி ஓய்வுபெற்ற முன்பள்ளி ஆசிரியை. அறுபதை நெருங்கும் வயது, மெலிந்த உயரமான உடம்பு, வெள்ளைப் புள்ளி போட்ட நீலச் சேலை. பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு முன்பள்ளிக் கட்டடத்தில்தான் அவர்கள் கூடுகிறார்கள். சுவரில் ஆனா, ஆவன்னா அட்டைகள். இருந்த கதிரைகள் எல்லாம் நான்கு வயதுக் குழந்தைகளுக்கானவை. பெரிய பெண்கள் ஐந்து பேர் அவற்றில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். எனக்கும் ஒன்றைத் தந்தார்கள்.

“வாங்க தங்கச்சி, இரிங்க. தூரத்தில இருந்து வந்திரிக்கீங்க. முதல் பிளேன்டீ குடிங்க” என்றார் யோகம் ரீச்சர்.

மேசையில் துணி போர்த்தி ஒரு பழைய மடிக்கணினி இருந்தது. சுற்று வட்டாரத்துக் கிராமங்களில் யுத்த காலத்தில் காணாமல்போனவர்களின் படங்கள், அடையாள அட்டைப் பிரதிகள், கொடுத்த கடிதங்கள், வாங்கிய துண்டுச்சீட்டுகள் எல்லாம் அதில். ரீச்சரின் மகன் தவகுமாரும் அதில் இருக்கிறான். பத்தொன்பது வயது. வலைக்கு நூல் வாங்க வாழைச்சேனைக்குப் போனவன்.

“ஆர் கொண்டு போனதெண்டு எனக்குத் தெரிஞ்சத சொல்ல வேண்டிய இடமெல்லாம் சொல்லிட்டன்” என்றார். “உங்களுக்கும் சொல்லி உங்களையும் அலைக்கழிக்க மாட்டன்.”

அந்தக் கணினி அன்பளிப்பாக வந்தபோது அதில் விற்பனை இயங்குதளம்தான் இருந்தது. ஒரு நாள் காலை திறந்தபோது திரை முழுவதும் ஆங்கிலம். புதிதாக ஒரு கணக்குத் தொடங்கச் சொன்னது, மின்னஞ்சல் கேட்டது, தொலைபேசி எண் கேட்டது. அதைக் கொடுக்காமல் உள்ளே போக முடியவில்லை. கொடுக்க இவர்களுக்குப் பயம். தங்கள் பெயரையும் எண்ணையும் யார் யாரோ கேட்டு எழுதிக்கொண்டு போன காலத்தை இவர்கள் மறக்கவில்லை.

“அந்தச் சாமான்ட வழக்கம் அது. மற்ற ஆக்கள் குடுத்திட்டு உள்ள போவாங்க” என்றார் றெனி. “இவங்க கணினியத் துணியில சுத்தி, பஸ்ஸில என்ர கடைக்குக் கொண்டு வந்தாங்க. காலமை வந்தவங்க பின்னேரம் வரைக்கும் எழும்பல்ல. சோறும் வேணாம் எண்டிட்டாங்க. நான் பென் ட்ரைவ்ல இருந்து எங்கட இயங்குதளத்தைக் கிளப்பினன். உள்ளுக்கு இருந்ததெல்லாம் தெரிஞ்சிது. அப்ப ரீச்சர் கேட்டது ஒரே கேள்வி.”

“என்ன கேட்டீர்கள்?” என்று ரீச்சரிடம் கேட்டேன்.

“பிள்ளைகள் எல்லாரும் இரிக்காங்களா எண்டு கேட்டன்.”

இருந்தார்கள். அன்றே பழையதை எடுத்துவிட்டு இதைப் போடச் சொல்லிவிட்டார். இது தமிழில் பேசியது, யாருடைய எண்ணையும் கேட்கவில்லை. ஆறு வருடங்கள் குறையில்லாமல் ஓடியது. இப்போது வந்திருப்பது இடப் பிரச்சினை. ஒவ்வோர் அலுவலகமும் கேட்கும்போது அதே படத்தைத் திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்திருக்கிறார்கள். வட்டு நிறைந்துவிட்டது. அடுத்த வாரம் ஓர் அலுவலகத்தில் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். புதிதாக ஒரு கடிதத்தைக்கூடச் சேமிக்க இடமில்லை. மேலதிகப் பிரதிகளை அழித்தால் போதும்.

“நான் அழிச்சா ஒரு நிமிச வேலை” என்றார் றெனி. “ஆனா அது என்ர பிள்ளைகள் இல்லையே. பென் ட்ரைவ்ல போட்டு வைப்பம் எண்டும் சொன்னன். துலையிற சாமான் வேணாமாம்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “அழிச்சதுகள் கொஞ்ச நாள் போய்க் கிடக்கிறதுக்கு குப்பைத்தொட்டி எண்டும் ஒண்டு இருந்தது. அந்தப் பேரக் கண்டதும் நானே நிப்பாட்டிப் போட்டன். இது மட்டும் உங்கட கையில.”

ரீச்சர் துணியை எடுத்து மடித்து வைத்தார். கணினியைத் திறந்து ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, விசையைத் தட்டினார். திரையின் நடுவில் ஒரு பெட்டி வந்தது.

‘தவகுமார்-2 நிரந்தரமாக அழிக்கப்படும்.’

கீழே இரண்டு பொத்தான்கள். ‘ரத்து’, ‘அழி’.

என் வரியை நான் அதுவரை வெள்ளைத் திரையில், வரிசை எண்ணோடுதான் பார்த்திருக்கிறேன். பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு குறியீடு இருக்கும். அந்தக் குறியீட்டின் இடத்தில் ஓர் ஆளின் பெயர் வரும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததை ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. சுருக்கமாக அமைந்துவிட்டது என்று அன்று மகிழ்ந்தது மட்டும் நினைவிருக்கிறது.

“மன்னித்துக்கொள்ளுங்கள்” என்றேன்.

“என்னத்துக்கு? நீங்க வேணுமெண்டா எழுதினீங்க?” என்றார் ரீச்சர். “வாங்க, சோறு தின்னிட்டு யோசிப்பம்.”

சோறும் கணவாய்க் கறியும் முருங்கையிலைச் சுண்டலும். சாப்பிட்டுக்கொண்டே சொல் தேடினோம். ‘நீக்கு’ என்று மாற்றுவதாக முன்பே எழுதியிருந்தேன். பரவாயில்லை என்றார்கள், ஆனால் யாருக்கும் திருப்தியில்லை. நாகம்மா என்றொரு பெண். அவர் மகள் சுமதியும் காணாமல்போனவள். “எடுத்து வை எண்டு போடுங்களன்” என்றார். இன்னொருவர் ‘ஒதுக்கு’ என்றார்.

எனக்குச் சங்கடமாகிவிட்டது. அப்படிப் போட முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. எடுத்து வை என்று எழுதினால் எங்கோ பத்திரமாக இருக்கும் என்று நம்பி யாரோ அழுத்திவிடுவார்கள். பிறகு தேடினால் கிடைக்காது. திரையில் வரும் சொல் மென்மையாக இருக்கலாம், ஆனால் ஏமாற்றக் கூடாது என்றேன்.

நாகம்மாவின் முகம் வாடியது. ரீச்சர்தான் பேசினார்.

“அவ சொல்றது சரி கா. பொய் சொல்லக் கூடாது. எங்களுக்கு எத்தின பேர் நல்ல சொல்லாச் சொல்லி ஏமாத்தினாங்க.” கொஞ்சம் யோசித்தார். “தங்கச்சி, சொல்லில மட்டும் பிழை இல்ல. என்னத்த அழிக்கப் போறன் எண்டு அது சொல்லல்லயே. பேரத்தானே சொல்லுது.”

நான் ஆங்கில மூலத்தைத் திறந்து பார்த்தேன். அதிலும் பெயர் மட்டும்தான். அப்படியானால் தவறு என்னுடையது மட்டுமல்ல என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. மொழிபெயர்ப்புக் கோப்பைத் திறந்தேன். முதல் பக்கத்தில் கடைசியாகத் திருத்தியவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. ரீச்சர் அதை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

எல்லோரும் மேசையைச் சுற்றி நின்று அந்த ஒரு வரியை எழுதினோம். முதலில் இப்படி வந்தது: ‘தவகுமார்-2 என்னும் பெயருள்ள கோப்பு இந்தக் கணினியிலிருந்து நீக்கப்படும். பிறகு திரும்பக் கிடைக்காது.’

ரீச்சர் உரக்க வாசித்தார். இரண்டாவது வாக்கியத்தில் குரல் நின்றது.

“கோப்பு எண்டு அதிலயும் போடுங்க” என்றார். “அந்தக் கோப்பு திரும்பக் கிடைக்காது எண்டு. இல்லாட்டி வேற மாதிரிக் கேக்குது.”

போட்டேன். பொத்தானுக்கு ‘நீக்கு’. றெனி பத்து நிமிடத்தில் அதை இந்தக் கணினியில் ஏற்றினார். அங்கிருந்தே குழுவின் பொதுப் பக்கத்துக்கும் அனுப்பி வைத்தேன். அங்கே ஏற்றுக்கொண்டால் அடுத்த பதிப்பில் எல்லோருடைய தமிழ்த் திரையிலும் இது வரும்.

புறப்படும்போது ரீச்சரிடம், இதையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்களே, தமிழில் இருப்பதாலா, எண் கேட்காததாலா என்று கேட்டேன். ஊர் திரும்பி எழுத நினைத்திருந்த பயணக் கட்டுரைக்கு ஒரு வரி கிடைக்கும் என்ற ஆசை எனக்கும் இருந்தது.

“அதுகளும்தான்” என்றார். “இருவது வருசமா நாங்க கடிதம் குடுக்காத இடமில்ல. ஒரு வரி பதில் இல்ல. கிடைச்சிது எண்டு ஒரு சீட்டு வரும், அவ்வளவுதான். இந்தக் கொம்பியூட்டர்ல ஒரு சொல்லு சரியில்ல எண்டு எழுதினன். மூணாம் நாள் பதில் வந்திச்சி. மறுகா பாத்தா எழுதின ஆளே இஞ்ச வந்து சின்னக் கதிரையில இரிக்காங்க.”

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது.

*

மூன்றாம் நாள் காலை, பாண் என்று அவர்கள் சொல்லும் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது குழுவிலிருந்து பதில் வந்திருந்தது. நோர்வேயில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர்தான் திருத்தங்களைச் சரிபார்ப்பவர். அவர் கேட்டிருந்தார்: ‘அக்கா, முந்தைய வரி நான்கு சொல்லுக்குள் இருந்தது. இதில் கோப்பு என்ற சொல் இரண்டு முறை வருகிறது. மெய்ப்புத் திருத்துகிற நீங்களா இப்படி?’

இரண்டு முறையும் வேண்டும் என்று எழுதினேன். காரணத்தையும் நாலு வரியில் எழுதினேன். அரை மணிக்குள் ஏற்றுக்கொண்டதாகக் குறி வந்தது. கூடவே ஒரு வரி: ‘என் பெரியப்பாவும் காணாமல்போனவர். இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.’ அவரோடு ஆறு ஆண்டுகள் வேலை செய்திருக்கிறேன். இது எனக்குத் தெரியாது.

முன்பள்ளியில் முந்தைய நாளைவிடக் கூட்டம். பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் வந்திருந்தார்கள். தங்கள் பிள்ளையின் பிரதியைத் தாங்களே நீக்க வேண்டும் என்று ரீச்சர் சொல்லியிருந்தார். வர முடியாதவர்களுக்குத் தொலைபேசி எடுத்து, வரியை வாசித்துக் காட்டி, சம்மதம் கேட்டார். சிலர் வேண்டாம் என்றார்கள். வேண்டாம் என்றவர்களுடையதை அப்படியே விட்டார்.

நாகம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. ரீச்சரை மூன்று முறை வாசிக்கச் சொன்னார். ‘சுமதி-3 என்னும் பெயருள்ள கோப்பு இந்தக் கணினியிலிருந்து நீக்கப்படும். அந்தக் கோப்பு திரும்பக் கிடைக்காது.’

“கோப்பு எண்டா படந்தானே?”

“படந்தான் கா. முதல் படம் இஞ்சதான் இரிக்கி. பாருங்க.” ரீச்சர் அதைத் திறந்து காட்டினார். பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு பெண், இரட்டைப் பின்னல்.

நாகம்மா கொஞ்ச நேரம் பார்த்திருந்தார். பிறகு ஒற்றை விரலால் பொத்தானை அழுத்தினார். பெட்டி மறைந்தது. “முதல் படத்த மறுகா ஒருக்காக் காட்டுங்க” என்றார். காட்டினார்கள். இருந்தது. அப்புறம்தான் அழுதார்.

பிற்பகல் இரண்டு மணிக்குள் வேண்டிய இடம் கிடைத்துவிட்டது. கடைசியாக ரீச்சர் உட்கார்ந்தார். தவகுமாரின் படம் ஏழு பிரதிகள். அடையாள அட்டைக்கு எடுத்த படம். மேல் பொத்தான் போட்ட சட்டை, தூக்கி வாரிய தலை. ரீச்சர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். பெட்டி வந்தது. வாய்க்குள் வாசித்தார்.

‘ரத்து’ பொத்தானை அழுத்தினார்.

“வரியில இன்னும் பிழையா ரீச்சர்?” என்று றெனி மெதுவாகக் கேட்டார்.

“இல்ல மனே. வரி நல்லா இரிக்கி.” ஒவ்வொரு பிரதியாகத் திறந்தார். எனக்கு எல்லாம் ஒன்றாகவே தெரிந்தது. அவருக்கு அப்படியில்லை. “இது கச்சேரியில அரசாங்க அதிபருக்குக் குடுக்க எடுத்தது. அண்டைக்கு ஒரே மழை, படத்தில ஒரு சொட்டு விழுந்திரிக்கி, பாருங்க. இது விசாரிக்க ஆணைக்குழு வந்த நேரம். இது கொழும்புக்குப் போன நேரம். ரெண்டு நாள் ஸ்டேஷன்லதான் படுத்தம். இது வெளிநாட்டு ஆக்கள் வந்த நேரம். நல்ல மனுசர், கேட்டுக் கேட்டு எழுதினாங்க.” ஏழு பிரதிகளையும் பற்றிச் சொல்லி முடித்தார். “இதுகள் படம் இல்ல தங்கச்சி. அவனத் தேடிப் போன போக்கு. கிடக்கட்டும். மற்றவங்க நீக்கின இடம் காணும்தானே, போதாதா?”

“காணும் ரீச்சர்” என்றார் றெனி.

அடுத்த வாரம் கொடுக்க வேண்டிய கடிதத்தை ரீச்சர் ஏற்கெனவே தாளில் எழுதி வைத்திருந்தார். அதைத் தட்டச்சு செய்தார். நான் பக்கத்திலிருந்து பிழை பார்த்தேன். திருத்த ஒன்றுமே இருக்கவில்லை. சேமித்தார், இடமிருந்தது. பிறகு அலமாரியைத் திறந்து, பொலித்தீன் உறைக்குள்ளிருந்து மூலப் படத்தை எடுத்தார். ஓரங்கள் மங்கிவிட்டிருந்தன. சேலைத் தலைப்பால் ஒருமுறை துடைத்து, ஸ்கேனர் கண்ணாடியில் கவிழ்த்து வைத்தார். வெளிச்சம் மெல்ல ஓடி மறுபக்கம் போய் நின்றது.

பெயர் கேட்டது கணினி. ரீச்சர் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார்.

‘தவகுமார்-8.’